அம்மா மறைக்கவில்லை

பாரிஸ் போன இடத்தில் அம்மா கால்வலியை வெளியே சொல்லாமல் மறைத்துவிட்டாள், அதனால்தான் நிலைமை முற்றிப்போனது என்று எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் நம்புகிறார்கள். அது பொய். அந்தப் பொய்யைக் கட்டிவிட்டவள் நான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பாரிஸ் என் கனவு. அம்மாவுக்கு அப்படி ஒரு ஆசை இருந்ததே இல்லை. பிளஸ் டூவில் தமிழை விட்டுவிட்டு மார்க்குக்காக பிரெஞ்சு எடுத்தவள் நான். பாடப்புத்தகத்தில் பார்த்த ஈஃபில் கோபுரமும் மோன்மார்த்ர் குன்றும் மனதில் ஒட்டிக்கொண்டன. கையில் காசு சேர்ந்ததும், தனியாகப் போகப் பயந்து, அம்மாவைத் துணைக்கு இழுத்தேன். ஊரில் மட்டும் "அம்மாவுக்கு வெளிநாடு காட்டப் போறேன்" என்று சொல்லிப் பெயர் வாங்கிக்கொண்டேன்.

அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. காலமெல்லாம் நின்றபடி பாடம் நடத்தியதில் இரண்டு காலிலும் நரம்புச் சுருட்டு. அது எனக்குத் தெரியும். விமானத்தில் ஜன்னலோரம் நான் உட்கார்ந்தேன். அவளுக்கு நடு இருக்கை. ஓரத்தில் இருந்தவர் தூங்கிவிட்டார். அவரை எழுப்பக் கூச்சப்பட்டு, பாத்ரூம் போக வேண்டி வருமே என்று அம்மா தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினாள். எழுந்து நடக்கவும் இல்லை. நான் பக்கத்தில் சினிமா பார்த்துக்கொண்டிருந்தேன்.

தெரியாமல் செய்த பிழை என்று நான் தப்பிக்க முடியாது. முன்னிருக்கைப் பையில் இருந்த இதழில், காலை எப்படி ஆட்ட வேண்டும், ஏன் எழுந்து நடக்க வேண்டும் என்று படத்தோடு போட்டிருந்தார்கள். படித்தேன். மடக்கிய கால் மணிக்கணக்கில் அசையாமல் இருந்தால் கெண்டைச் சதை ரத்தத்தை மேலே தள்ளுவதில்லை. தேங்கிய ரத்தம் உள் ரத்தக்குழாயில் உறையலாம். நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் இந்த ஆபத்தை ஏறக்குறைய இரு மடங்காக்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007லேயே சொன்னது. ஆரோக்கியமானவர்களில் இது 6,000 பேரில் ஒருவருக்கு வரலாம். வயதும் நரம்புச் சுருட்டும் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

காலையில் இறங்கினோம். ஆர்.ஈ.ஆர். ரயிலில் கார் து நோர் ஸ்டேஷன் வந்து ஹோட்டலைப் பிடித்தோம். அறை மதியத்துக்கு மேல்தான் என்றார்கள். "நான் இங்கேயே உக்காந்திருக்கேன், நீ போய்ப் பாத்துட்டு வா" என்றாள் அம்மா. நான் விடவில்லை. என்னைப் போட்டோ எடுக்க ஆள் வேண்டும். அதுதான் காரணம்.

மோன்மார்த்ர் உச்சியில் இருக்கும் சாக்ரே கேர் தேவாலயத்துக்குப் பழனியில் இருப்பதுபோல விஞ்ச் உண்டு. வரிசை நீளமாக இருந்தது. பொறுமையில்லாமல் பக்கத்துப் படிகளில் ஏறினேன். 222 படிகள். பாதியில் அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வலது கால் ஒரு மாதிரி கனக்குதும்மா. காலைலேருந்தே வலி."

புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன். இடது கால் எப்போதும்போல இருந்தது. வலது கெண்டைக்கால் வீங்கி, தோல் பளபளத்தது. சாக்ஸ் விளிம்பு ஆழமாகப் பதிந்திருந்தது. தொட்டேன். சுட்டது. விமானத்தில் படித்தது அந்த நொடியே நினைவுக்கு வந்தது. ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி, சூடு. எனக்குப் புரிந்துவிட்டது.

புடவையை இறக்கிவிட்டேன். "உக்காந்தே வந்ததுல பிடிச்சிருக்கும்மா. நடந்தா சரியாயிடும்" என்றேன். அவள் நம்பினாள். ஏறினாள்.

பணத்துக்குப் பயந்தேன் என்றும் சொல்ல முடியாது. ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். எங்களிடம் இருந்தது. முதல் நாளே ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தால் என் பாரிஸ் போய்விடுமே என்ற சுயநலம் ஒன்று. பயம் இன்னொன்று. பிரெஞ்சு தெரியும் என்று ஊரெல்லாம் பீற்றியிருந்தேன். மருத்துவர் முன் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச வராது என்பது அம்மாவுக்குத் தெரிந்துவிடும். திரும்பும் வழியில் பச்சைச் சிலுவை மின்னும் மருந்துக்கடைகளைத் தாண்டித்தான் வந்தோம். ஒன்றிலும் ஏறிக் கேட்கவில்லை.

பிரெஞ்சுகூடத் தேவைப்பட்டிருக்காது. குன்றடியில் உள்ள ஆன்வேர் ஸ்டேஷனிலிருந்து இரண்டாவது நிறுத்தம் லா ஷாப்பேல். 1983க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர்கள் கடை கடையாக வைத்திருக்கும் இடம். தமிழிலேயே வழி கேட்டிருக்கலாம். "பாரிஸ் வரைக்கும் வந்து தமிழ்க் கடையா?" என்று அன்று காலையில்தான் அம்மாவிடம் முகம் சுளித்திருந்தேன். அந்தத் திமிர் என்னை அங்கே போகவிடவில்லை.

மறுநாள் லூவ்ர் அருங்காட்சியகம். நேரம் குறித்து வாங்கிய டிக்கெட். அம்மா நொண்டியபடி வந்தாள். அன்று இரவு மூச்சுவிட முடியாமல் எழுந்து உட்கார்ந்தாள். உதடு வெளுத்திருந்தது. ஹோட்டல் ஊழியர்தான் 15 என்ற அவசர எண்ணுக்கு அழைத்து ஆம்புலன்ஸ் வரவழைத்தார். காலில் உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்திருந்தது.

வலி எப்போது தொடங்கியது என்று மருத்துவர் ஆங்கிலத்தில் கேட்டார். "இன்று மாலை" என்றேன். உயிர் போகிற நேரத்திலும் என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்த்தேன். பிறகு தம்பி போனில் அழுதான். "அம்மா வாயே திறக்கலடா. வழக்கம்போல மறைச்சுட்டாங்க" என்றேன். அம்மா ஆக்ஸிஜன் குழாயோடு பக்கத்திலேயே கட்டிலில் இருந்தாள். கேட்டாள். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிழைத்துவிட்டாள். ஆனால் பழைய மூச்சு திரும்பவில்லை. மாடி வீட்டைக் காலி செய்துவிட்டுத் தம்பியின் தரைத்தள வீட்டுக்கு வந்துவிட்டாள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை. சாயங்காலம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவந்த டியூஷனும் நின்றது. தொடர்ந்து பேச மூச்சு போதவில்லை. இவ்வளவுக்கும் மேலே, பார்க்க வருகிற ஒவ்வொருவரும் "வலியை ஏன் டீச்சர் சொல்லாம இருந்தீங்க?" என்று அவளைக் கண்டித்துவிட்டுப் போனார்கள். நான் காபி கொடுத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதை எழுதுமுன் தம்பியிடம் நேரில் சொன்னேன். "படியிலேயே பாத்துட்டியா?" என்று கேட்டான். பார்த்தேன் என்றேன். அதன்பிறகு என்னோடு பேசுவதில்லை. அது நியாயம். அம்மா, "எதுக்கு இதையெல்லாம் எழுதறே?" என்கிறாள். அவள் பெருந்தன்மையை மன்னிப்பாக எடுத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை. கண்டிக்க வேண்டியவர்கள் இனி என்னைக் கண்டிக்கட்டும்.