போனில் நனையாத மூட்டைகள்

முகையூரில் எனக்கு மாட்டுத்தீவனக் கடை. திண்டிவனத்தில் ஒரு கிளையும் போட்டேன். விழுப்புரத்தில் பஸ் மாறிப் போய்வரவே பாதிப் பகல் ஓடிவிடும் என்பதால், பில் போடும் சாஃப்ட்வேர்காரர் என் போனில் ஒரு ஆப் ஏற்றிக் கொடுத்தார். விற்பனை, பில் எண்ணிக்கை, இருப்பு, வரவேண்டிய பாக்கி என்று நாலு கட்டம். நேற்றைவிடக் கூடினால் பச்சை, குறைந்தால் சிவப்பு.

அந்தச் சிவப்பு என்னைப் பிடித்து ஆட்டியது. மச்சான் வீட்டுக் காதுகுத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "மணி பன்னெண்டாச்சு, ஏழு பில்லுதானா?" என்று கிளையில் இருக்கும் தம்பியைப் போனில் காய்ச்சினேன். பக்கத்து இலைக்காரர் சாம்பாரை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

இரண்டு வாரத்தில் பில் எண்ணிக்கை ஏறியது. பூரித்துப்போனேன். மாதக் கடைசியில் புரட்டிப் பார்த்தால், ஒரே பால்காரருக்கு ஒரே நாளில் மூன்று பில்! தவிட்டுக்கு ஒன்று, புண்ணாக்குக்கு ஒன்று, தாது உப்புக்கு ஒன்று. நான் எதைக் கேட்டுத் திட்டினேனோ அதை மட்டும் அவன் வளர்த்துக் கொடுத்திருக்கிறான். விற்பனை அதே இடத்தில்தான் கிடந்தது. அதற்கும் அவனைத்தான் திட்டினேன்.

2024 நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமை. புயல் வருகிறது என்று ரேடியோ முழுக்கச் செய்தி. தம்பி கூப்பிட்டான். "அண்ணே, மூட்டைய பரண்ல ஏத்த ரெண்டு ஆள் வச்சிக்கட்டுமா?"

"யாவாரமே செவப்புல கெடக்கு. கூலி வேறயா?" என்று வைத்துவிட்டேன்.

மறுநாள், 30ஆம் தேதி இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. திண்டிவனத்தை ஒட்டிய மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டித் தீர்த்தது. பின்னாலேயே சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து, தென்பெண்ணை ஆறு எங்கள் பக்கம் அரகண்டநல்லூர் வரை புகுந்தது. கரண்ட் இல்லை, பஸ் இல்லை. மொட்டைமாடியில் ஒரு மூலையில் டவர் கிடைத்தபோது முதலில் ஆப்பைத்தான் திறந்தேன். இருப்பு 86 மூட்டை. "ஒண்ணும் ஆகல" என்று வீட்டில் சொல்லிவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். கட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில், கடைசியாகப் புதுப்பித்தது வெள்ளி மாலை 6.40 என்று இருந்ததை நான் படிக்கவில்லை.

மூன்றாம் நாள் தம்பியின் குரல் வந்தது. "அண்ணே, தண்ணி முட்டி வரைக்கும் நின்னுச்சு. அடி வரிசை பூரா ஊறிப்போச்சு."

34 மூட்டை. தவிடு புளித்து, தெருவே நாறியது.

இப்போது பில் எண்ணிக்கைக் கட்டத்தை எடுத்துவிட்டேன். பொடி எழுத்து நேரத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். சனிக்கிழமை பஸ் ஏறிப் போய் மூட்டையைக் கையால் தட்டி எண்ணுகிறேன். நனைந்த சரக்கைக் கணக்கில் கழித்த அன்று, காரணம் எழுதாமல் ஆப் விடவில்லை. தம்பி என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, 'மழை' என்று மட்டும் அடித்தான்.