பின்னோக்கி ஏறுதல்

பேசுங்கால் எமக்கு நாத் திக்கும். ஆதலின் மேடையேற அஞ்சியிருந்தோம். அந்நாளில் அமெரிக்க நாட்டுப் போர்டு 'மாடல் டி' காரைப் பற்றிக் கற்றோம். 1908 முதல் 1927 வரை 1½ கோடிக்கு மேல் செய்யப்பெற்ற அக்காரின் எஞ்சின், 4 சிலிண்டர்களும் 2.9 லிட்டர் கொள்ளளவும் 20 குதிரைத்திறனும் உடையது.

அதன் குறைகளோ பல. கைப்பிடியைச் சுழற்றித் தொடங்குங்கால், தீப்பொறி முந்தின், பிடி எதிருதைத்து மணிக்கட்டை முறிக்கும். ஆதலின் பொறியைப் பிந்தச் செய்தே சுழற்றுவர். பெட்ரோலை உந்தும் பம்பும் இல்லை. பெரும்பாலான வண்டிகளில் இருக்கையின்கீழுள்ள தொட்டியினின்று அது தானே வழிந்து எஞ்சினை அடையும். செங்குத்தான மேட்டில், தொட்டியில் பெட்ரோல் குறைந்திருப்பின், எஞ்சின் நின்றுபோம். ஓட்டுநர் என் செய்தனர்? வண்டியைத் திருப்பிப் பின்னோக்கி ஏறினர்!

பேச்சில் திக்கும் எம் நா பாட்டில் திக்குவதில்லை. இவ்வாண்டுத் தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் யாம் பாட்டொன்றாலே உரையைத் தொடங்கினோம், மேட்டையும் கடந்தோம்.