பால்குடி மறந்த பிறகு...

பாலைத் திரித்து வடிகட்டும்போது மஞ்சளாக ஒரு தண்ணீர் இறங்குமே, அதிலும் புரதம் உண்டு. அதில் ஒன்று ஆல்ஃபா லாக்டால்புமின். தாய்ப்பாலில் இது நிறைய. பாலுக்கு இனிப்பைத் தரும் லாக்டோஸ் சர்க்கரை உண்டாவதற்கே இதன் துணை வேண்டும்.

இந்த வாயில் நுழையாத பெயர் எனக்குத் தெரியவந்தது என் நாத்தனாரால். கடைசிக் குழந்தைக்குப் பால் மறக்கடித்து ஆறு வருஷம் கழித்து அவள் மார்பில் ஒரு கட்டி. “பால் கட்டிக்கிட்டிருக்கும், வெந்நீர் ஒத்தடம் கொடு” என்றார் மாமியார். ஆறு வருஷத்துக்கு அப்புறம் ஏது பால்? எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாளே டாக்டரிடம் அழைத்துப் போனேன். ஊசியால் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்-2 என்று மூன்று சோதனை, மூன்றுக்குமே ‘இல்லை’. இதை ‘டிரிபிள் நெகட்டிவ்’ என்கிறார்கள். ஹார்மோன் மாத்திரை இதற்குப் பலிக்காது.

சதையை மெல்லிசாகச் சீவி, தேடுகிற புரதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் மருந்தை விட்டு, சாயம் ஏற்றுவார்களாம். புரதம் இருக்குமிடம் பழுப்பாகத் தெரியும். பால் புரதத்தையும் ஆராய்ச்சிக்கூடங்களில் இப்படித்தான் தேடுகிறார்கள். (ஆஸ்பத்திரியில் வழக்கமாகச் செய்யும் சோதனை அல்ல இது.) பால் கொடுக்கும் தாயின் மார்பில் அது நன்றாகத் தெரியும். பால் நின்றுபோன, நோயில்லாத மார்பில் சாதாரணமாகத் தெரிவதில்லை. ஆனால் டிரிபிள் நெகட்டிவ் கட்டிகள் பலவற்றில் மறுபடி தலைகாட்டுகிறது!

இதை ‘ஓய்வு பெற்ற புரதம்’ என்றார் அமெரிக்காவில் கிளீவ்லண்ட் கிளினிக்கைச் சேர்ந்த வின்சென்ட் டூஹி. ரிட்டயரானவர் நடுராத்திரியில் ஆபீசைத் திறந்து உட்கார்ந்த மாதிரிதான். அப்படித் திரும்பி வருவதை உடம்பே அடையாளம் கண்டு அழிக்கட்டும் என்று ஒரு தடுப்பூசி தயாரித்தார். எலிகளில் அது கட்டி வராமல் தடுத்ததை 2010-ல் வெளியிட்டார். 2021-ல் பெண்களுக்குப் போட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். 2023-ல் அவர் காலமாகிவிட்டார்.

கீமோ, ஆபரேஷன் எல்லாம் முடிந்து, தலையில் முடி முளைக்கத் தொடங்கியிருந்த சமயம் நாத்தனாரிடம் இதைச் சொன்னேன்.

“எனக்கு அதைப் போடுவாங்களா அண்ணி?”

“இன்னும் சோதனையிலதான் இருக்கு. அதுவும் இனிமே பால் கொடுக்கப் போறதில்லைங்கிறவங்களுக்குத்தான். இல்லேன்னா நல்ல பாலையும் அது பகையா நினைச்சுடுமே.”

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“அப்ப என் பொண்ணு ரெண்டும் பெத்து வளர்த்து முடிக்கறதுக்குள்ள வந்துடும், இல்லே?” என்றாள்.