தட்டைத் தேடிப் போன காடு

விளையாட்டுச் செய்திக்கும் எனக்கும் எக்காலத்திலும் ஒத்துவந்ததில்லை. பத்திரிகை அலுவலகத்தில் விளையாட்டுப் பக்கத்திற்குப் பொறுப்பானவர் விடுமுறையில் சென்றால் அந்தப் பக்கத்தை என் தலையில் கட்டிவிடுவார்கள். ஒருமுறை கிரிக்கெட் ஓட்ட எண்ணிக்கையை மாற்றிப் போட்டு, தோற்ற அணியை வெல்லவைத்து, ஆசிரியரிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன். அப்படிப்பட்ட நான் இந்த ஐம்பத்தாறாவது வயதில் ஒரு விளையாட்டைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், அதற்குக் காரணம் என் அக்காவின் மகன்.

மருமகன் கலிபோர்ணியாவில் சான் ஹோசே நகரில் வசிக்கிறான். கணினித்துறையில் வேலை. அவனிடம் சென்று ஒரு மாதம் தங்கியிருந்தபோது ஒரு சனிக்கிழமை இரவு, “மாமா, நாளைக்குக் கொல்ஃப் விளையாடப் போவம்” என்றான்.

எனக்கு நுவரெலியாவின் கொல்ஃப் மைதானம் நினைவுக்கு வந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததுடன் அந்த விளையாட்டுக்கும் எனக்குமுள்ள உறவு முடிந்துவிட்டது.

“அது காசுக்காரற்ற விளையாட்டடா தம்பி.”

“இது அதில்லை மாமா. இது தட்டெறியிறது.”

ஒரு தோள்பையைத் திறந்து காட்டினான். உள்ளே பல நிறங்களில் எட்டோ பத்தோ பிளாஸ்ரிக் தட்டுகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு சாண் விட்டம். சிலவற்றின் விளிம்பு தடித்து மழுங்கியிருந்தது. சிலவற்றின் விளிம்பு கூராக இருந்தது. கூரானவை தூரம் செல்வதற்கு, மழுங்கியவை கிட்டத்திலிருந்து கூடைக்குள் போடுவதற்கு என்று விளக்கினான். கொல்ஃபில் பந்தைக் குழிக்குள் விழுத்துவதுபோல, ‘டிஸ்க் கொல்ஃப்’ எனப்படும் இவ்விளையாட்டில், சங்கிலிகள் தொங்கும் ஓர் இரும்புக் கூடைக்குள் தட்டை விழுத்தவேண்டும். எறிந்த தட்டு எங்கே கிடக்கிறதோ அங்கே நின்றுதான் அடுத்த எறியை எறியவேண்டும். குறைந்த எறிகளில் முடிப்பவர் வென்றவர். பிள்ளைகளும் ஐந்து நிமிடத்தில் விளங்கிக்கொள்ளக்கூடிய விதிகள்தாம்.

பழக்கதோஷம் யாரை விட்டது? அன்றிரவே இதன் வரலாற்றைத் தேடி வாசித்தேன். அமெரிக்காவின் கனெக்ரிகட் மாநிலத்தில் முன்னொரு காலத்தில் இயங்கிய பிறிஸ்பி என்ற வெதுப்பகத்தின் தகரத் தட்டுகளை மாணவர்கள் எறிந்து விளையாடினராம். ‘பிறிஸ்பி’ என்ற பெயர் அதிலிருந்து வந்தது என்பர். பிறெட் மொறிசன் என்பவர் வடிவமைத்த பிளாஸ்ரிக் தட்டை வாம்-ஓ நிறுவனம் 1957இல் வாங்கிச் சந்தைப்படுத்தியது. அதே நிறுவனத்தில் பணியாற்றிய எட் ஹெட்றிக், தட்டின் மேற்புறத்தில் வளையக்கோடுகளை அமைத்து அதன் பறப்பை நிதானப்படுத்தி 1967இல் காப்புரிமை பெற்றார். 1975இல் பசடீனாவுக்கு அண்மையிலுள்ள ஓக் குறோவ் பூங்காவில் முதலாவது நிரந்தர டிஸ்க் கொல்ஃப் தடத்தை அமைத்தவரும் அவரே. அங்கு முதலில் வெறும் கம்பங்கள்தாம் இலக்குகள். கம்பத்தில் தட்டுப் பட்டதா, படவில்லையா என்ற வாக்குவாதம் தீராததனாலேயே சங்கிலிக் கூடையை உருவாக்கினார் என்று சொல்வார்கள். சங்கிலி கலகலத்தால் பிறகு வழக்கேது?

மறுநாட் காலை சான் ஹோசேயிலிருந்து மலைகளை ஊடறுத்து வளைந்து வளைந்து செல்லும் 17ஆம் இலக்க நெடுஞ்சாலை வழியாகச் சாந்தா குரூஸ் என்னும் கடற்கரை நகருக்குச் சென்றோம். நகரை ஒட்டிய மலைச்சரிவில் டிலவியாகா பூங்கா இருக்கிறது. அங்குள்ள டிஸ்க் கொல்ஃப் தடம் 1984ஆம் ஆண்டு முதல் இருப்பது. டொம் ஷொட் என்பவர் வடிவமைத்தது. இன்று உலகெங்கும் பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட தடங்கள் உள்ளன. அவற்றுள் இது முதியவர் வரிசையைச் சேர்ந்தது.

பூங்கா என்றதும் பூஞ்செடிகளையும் வெட்டிய புல்லையும் எதிர்பார்த்துப் போனேன். அது காடு. கிளைகளைக் கோணல்மாணலாக நீட்டிய ஓக் மரங்கள், அவற்றினிடையே ஏறியிறங்கும் மண்பாதைகள், இருபுறமும் சரிந்து இறங்கும் பள்ளங்கள். பேராதனையில் படித்த காலத்தில் ஹந்தானை மலையடியில் நண்பர்களுடன் அலைந்து திரிந்ததற்குப் பின்னர் இப்படியொரு மலைக்காட்டில் நான் நடந்ததேயில்லை.

என் முதல் எறி பதினைந்தடி தூரத்திலிருந்த ஒரு மரத்தில் மோதிக் காலடிக்கே திரும்பி வந்தது. இரண்டாவது நேராகத்தான் புறப்பட்டது. ஆனால் வேகம் குறைந்ததும் இடப்பக்கமாக வளைந்து சரிவில் இறங்கி உருண்டது. வலக்கையால் இப்படி எறிகிற எவருக்கும் தட்டு கடைசியில் இடதுபுறம் சாயும், அதை முற்கூட்டியே கணக்கில் எடுத்து வலப்புறம் குறிவைக்க வேண்டும் என்றான் மருமகன். தலையங்கம் எழுதிய நாட்களில் நானும் அதைத்தானே செய்தேன்? சொல்லவேண்டியது போய் விழவேண்டிய இடம் ஒன்று, குறிவைத்த இடம் வேறொன்று. தணிக்கைக் காலத்தில் பத்திரிகை நடத்தியவர்களுக்கு இது நன்கு விளங்கும்.

நான்கைந்து கூடைகளைக் கடந்ததும் பழைய தடத்தின் குணம் மெல்லப் பிடிபட்டது. கூரிய விளிம்புத் தட்டு 1983இல் அறிமுகமாகித் தூரங்கள் பெருகத் தொடங்கிய வேளையில் பிறந்த தடம் இது. இங்கே தூரத்திற்கு மதிப்புக் குறைவு. மரங்களுக்கிடையில் ஒரு வாசலைப் போன்ற இடைவெளி இருக்கும். அதனூடாகத் தட்டை அனுப்பவேண்டும். நாற்பது ஆண்டுகளாக ஆயிரமாயிரம் பாதங்கள் மிதித்ததில் மண் கரைந்து, ஓக் மரத்தின் வேர்கள் முதியவரின் புறங்கை நரம்புகள்போல் மேலெழுந்து நிற்கின்றன. சில இடங்களில் வேரைக் காக்க மரச்சீவல்களைப் பரப்பியிருக்கிறார்கள். தட்டுப் பட்டுப்பட்டுப் பட்டை உரிந்த மரங்களையும் கண்டேன். ஆட்டக்காரர்கள் அம்மரங்களைப் பழைய எதிரியைத் திட்டுவதுபோல் செல்லமாகத் திட்டிக்கொண்டு கடந்து செல்கிறார்கள்.

எத்தனையாவது கூடையென்று நினைவில்லை. நான் எறிந்த மஞ்சள் தட்டு பாதையை விட்டு விலகி, இருபதடி உள்ளே பற்றைக்குள் விழுந்தது. விழுந்த இடம் தெரிந்தது. தட்டின் ஓரங்கூடத் தெரிந்தது. போய் எடுக்கவேண்டியதுதான். ஆனால் பாதையின் ஓரத்தில் என் கால் நின்றுவிட்டது. மனம் போ என்கிறது, கால் மறுக்கிறது. நெற்றி வியர்த்துவிட்டது.

வாசக நண்பர்களே, இதை விளக்குவதற்கு நான் 2002ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும்.

அந்த ஆண்டு யுத்தநிறுத்தம் வந்து ஏப்ரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்டது. எழுதுமட்டுவாளில் அத்தானின் தகப்பன் வழிக் காணி ஒன்று இருந்தது. வீடு மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க அக்கா குடும்பத்துடன் நானும் போனேன். கூரையில்லை, சுவர்கள் நின்றன. வளவின் பின்வேலியோடு நாடா கட்டி, மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை தொங்கவிட்டிருந்தார்கள். அப்பால் மிதிவெடிகள். மருமகனுக்கு அப்போது வயது பதினான்கு. கையோடு கொண்டுவந்திருந்த ரெனிஸ் பந்தைச் சுவரில் எறிந்து பிடித்துக்கொண்டிருந்தான். பந்து துள்ளி நாடாவைத் தாண்டி விழுந்தது. அவன் குனிந்து நாடாவுக்குக் கீழே ஒரு காலை வைத்துவிட்டான். பாய்ந்து சென்று கையைப் பிடித்து இழுத்தவன், அதே வேகத்தில் அவன் கன்னத்தில் அறைந்துவிட்டேன். வாழ்நாளில் ஒரு பிள்ளைக்கு நான் கை நீட்டியது அந்த ஒருமுறைதான். அவன் அழவில்லை, என்னைப் பார்த்த பார்வைதான் இன்னும் மறக்கவில்லை. பந்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். வரும் வழியில் யாரும் பேசவில்லை. பின்னரும் அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு சொல்கூடப் பேசியதில்லை.

“மாமா, நில்லுங்கோ!”

பின்னாலிருந்து மருமகனின் குரல். வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

“உதுக்குள்ளை இறங்காதேங்கோ. மூண்டு மூண்டு இலையாய் நிக்குதெல்லே, உது நஞ்சு. பொய்சன் ஓக். தோலிலை பட்டால் ரெண்டு கிழமைக்கு விடாது.”

பெயரில் ஓக் இருந்தாலும் அது ஓக் இனமன்று. மாவும் மரமுந்திரிகையும் சேர்ந்த குடும்பத்துச் செடி. மாங்காய்ப்பால் பட்டு வாயோரம் புண்ணாகிய அனுபவம் நம்மவர்க்கு உண்டல்லவா? அதன் முரட்டுத் தமையன் என்று வைத்துக்கொள்ளலாம். மருமகன் நீண்ட தடியொன்றைப் பொறுக்கி, இலைகளை விலக்கி, பதமாகக் கால்வைத்து உள்ளே சென்று தட்டைத் தட்டித் தட்டி வெளியே கொண்டுவந்தான். அவன் ஒவ்வோர் அடியாக வைத்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இருபத்தேழாவது ஆட்டத்தின் எறிதளத்தை ‘உலகத்தின் உச்சி’ என்று அழைக்கிறார்கள். ஏறிச்சென்று நின்றபோது கீழே மரங்களும் அதற்கப்பால் மொன்ரறே விரிகுடாவும் நீலமாக விரிந்து கிடந்தன. கூடை ஐந்நூறடிக்கு மேல் தூரத்தில், பள்ளத்தில். எங்களுக்கு முன்னே இரண்டு முதியவர்கள் ஆறுதலாக எறிந்துகொண்டிருந்ததனால் காத்திருந்தோம். இந்தக் கரையோரத்திலேயே லா செல்வா பீச் என்ற ஊரில்தான் ஹெட்றிக் வாழ்ந்து 2002 ஆகஸ்டில் மறைந்தார். தன் சாம்பலைப் புதிய தட்டுகளில் கலந்து வார்க்கவேண்டும் என்பது அவரது விருப்பம், அவ்வாறே செய்தார்கள். இதைச் சொன்னபோது மருமகன் சிரித்தான். பிறகு கடலைப் பார்த்தபடி கேட்டான்:

“எழுதுமட்டுவாள் வளவு இப்ப எப்படி மாமா?”

நான் எதிர்பார்க்கவில்லை.

“நாடாவும் பலகையும் எடுத்துப்போட்டினம். வெடியெல்லாம் கிளறி எடுத்தாச்சு. இப்ப வடலியும் நாயுருவியும்தான்.”

“அப்ப பந்து?”

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. “அண்டைக்கு உனக்கு அடிச்சிருக்கக் கூடாதடா” என்றேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் தாமதமான திருத்தம். பத்திரிகையில் என்றால் மறுநாளே போட்டிருப்போம்.

“நல்ல அடி மாமா. இப்பவும் சில நேரம் கன்னம் சுடும்” என்று சொல்லிச் சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்து, “அதாலைதான் இண்டைக்குத் தட்டு எறியிறன்” என்றான்.

எங்கள் முறை வந்தது. அவனுடைய தட்டு பறந்து, தயங்கி, மெல்லச் சாய்ந்து கூடைக்குச் சமீபமாக இறங்கியது. என்னுடையது வழக்கம்போல் இடதுபுறம் வளைந்து மரங்களுக்குள் மறைந்தது. இறங்கிப்போய் அந்த இடத்தை அடைந்ததும் மருமகன் தடியை எடுத்துக்கொண்டு புறப்பட்டான்.

“நில், நான் போறன்” என்றேன்.

தடியை வாங்கிக்கொண்டு பாதையை விட்டு இறங்கினேன். மூவிலைச் செடி எங்கும் நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து, உலர்ந்த ஓக் இலைகள் காலடியில் நொறுங்க, முப்பது நாற்பது அடி உள்ளே நடந்தேன். நெஞ்சு படபடத்தது உண்மைதான். தட்டு ஒரு வேரின் மடியில் சாய்ந்து கிடந்தது. எடுத்து மண்ணைத் துடைத்தேன். அங்கிருந்தே எறியவேண்டும் என்பது விதி, எறிந்தேன். இன்னுமொரு மரத்தில் பட்டது.

அன்று எத்தனை எறிகளில் தோற்றேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. மருமகன் அடுத்த சித்திரைக்கு ஊருக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். வடலிக்குள் இறங்கிப் பந்தைத் தேடவேண்டுமாம். இத்தனை மழைக்கும் வெயிலுக்கும் ரெனிஸ் பந்து மிஞ்சியிராது என்று சொன்னேன். பரவாயில்லை, இறங்கித் தேடுவோம் என்கிறான்.