ஓடுபாதையில் ஒரு பந்தாட்டம்

பசிபிக் பெருங்கடலில் 9 குட்டித் தீவுகள் சேர்ந்த நாடு துவாலு. மொத்த நிலப்பரப்பே 26 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரிலிருந்து ஃபிஜி போய், அங்கிருந்து வாரத்தில் சில நாள் மட்டுமே பறக்கும் சிறிய விமானத்தில் ஏறினோம். மகளுக்கு 8 வயது, மகனுக்கு 5.

சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் காய்ச்சல் மருந்து, ஓஆர்எஸ் பொட்டலம், கொசு விரட்டி எல்லாவற்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அங்கே ஆறு, ஓடை கிடையாது. தொட்டியில் சேர்த்த மழைநீரைத்தான் குடிக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் காய்ச்சிக் கொடுங்கள்.

தலைநகர் ஃபுனாஃபுட்டியின் ஓடுபாதை 1943இல் அமெரிக்கப் படையினர் போட்டது. நாங்கள் போனபோது, விமானம் வராத மாலைகளில் அதுதான் ஊருக்கே விளையாட்டுத் திடல். என் பிள்ளைகளும் சேர்ந்து பந்து உதைத்தார்கள். பேச்சு புரியாதது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை.

நாட்டின் மிக உயரமான இடமே சுமார் 5 மீட்டர்தான். கடல் மட்டமோ ஏறிக்கொண்டே இருக்கிறது. ஆண்டுக்கு 280 பேர் வரை ஆஸ்திரேலியாவில் குடியேற 2023இல் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. வானொலியில் நான் பேசிய விஷயம்தான். அதை மகளுக்கு விளக்கியபோது கேட்டாள்: “அவங்க போயிட்டா, மிச்சம் இருக்கிறவங்க யாரோட விளையாடுவாங்க?”

எனக்குப் பதில் வரவில்லை. அவ்வளவு தூரம் பிள்ளைகளை அழைத்துப் போகலாமா என்று கேட்பவர்களிடம் போகலாம் என்றுதான் சொல்வேன், இப்படி ஒரு கேள்விக்காகவாவது.