கேம் கேட்டு வருபவரிடம் பட்டறை கேட்கும் கேள்விகள்

நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் வால்வு எப்போது திறக்கும், எவ்வளவு தூரம் இறங்கும், எப்போது மூடும் என்ற மூன்றையும் முடிவு செய்வது கேம். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று. அதில் முட்டை போலப் புடைத்திருக்கும் மேடு டேப்பெட்டைத் தூக்கும். டேப்பெட் புஷ் ராடைத் தூக்கும். ராடு ராக்கரைத் தள்ள, வால்வு இறங்கித் திறக்கும். மேட்டின் உயரத்தைப் பட்டறையில் லிஃப்ட் என்பார்கள். வால்வு திறந்திருக்கும் கால அளவு டியூரேஷன், அதற்குக் கணக்கு டிகிரி. இந்த இரண்டில் கொஞ்சம் கை வைத்தாலும் அதே என்ஜின் வேறு குணம் காட்டும்.

மதுரையில் இந்தப் பேச்சு பெரும்பாலும் ஒரு பழைய புல்லட்டோடுதான் பட்டறைக்குள் வரும். 1955-இல் சென்னையில் பூட்டத் தொடங்கி, பின்பு திருவொற்றியூரில் முழுதாகவே செய்யப்பட்ட 350 புல்லட்டின் போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., கொள்ளளவு 346 சி.சி. நீளமான ஸ்ட்ரோக், கனமான ஃபிளைவீல். அந்த வண்டியில் கேம் ஷாஃப்ட் என்று ஒரே தண்டு கிடையாது. இன்லெட்டுக்கு ஒன்று, எக்ஸாஸ்டுக்கு ஒன்று என இரண்டு கேம்கள், தத்தம் பல்சக்கரங்களோடு, வலது பக்க டைமிங் மூடிக்குள் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும். பல் குறி தவறிப் பூட்டினால் இரண்டுக்கும் உள்ள உறவே மாறிவிடும். கற்றுக்குட்டிகள் முதலில் திட்டு வாங்கும் இடம் அதுதான்.

நல்ல ஆலோசனையை அடையாளம் காண எளிய வழி உண்டு. கேமின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் கேள்வி கேட்பவர் வேலை தெரிந்தவர். கே.புதூரிலோ கப்பலூரிலோ ஒரு மூத்த மெக்கானிக்கிடம் போனால் உரையாடல் ஏறக்குறைய இப்படித்தான் போகும்:

“தம்பி, வண்டி எங்க ஓடுது?”

“ஆபீஸுக்குத்தாண்ணே. எப்பவாச்சும் கொடைக்கானல்.”

“கார்ப்பரேட்டர் பழசுதானே? சைலன்சர்? கம்ப்ரஷன் ஏத்திருக்கியா? பின்னால ஆள் ஏறுவாங்களா?”

“எதையும் மாத்தலண்ணே.”

“அப்ப ரேஸ் கேம் எதுக்கு?”

கடைசிக் கேள்விக்குப் பலரிடமும் கிடைக்கும் பதில் சத்தம். புல்லட்டின் ‘டக் டக்’ ஒலி கேமில் பிறப்பதாக ஒரு நம்பிக்கை. கனத்த ஃபிளைவீல், நீண்ட ஸ்ட்ரோக், குறைந்த ஐட்லிங், சைலன்சர் எல்லாம் சேர்ந்து தருவது அது. டியூரேஷன் கூடிய கேமைப் போட்டால் ஐட்லிங் தள்ளாடும். அந்தத் தள்ளாட்டத்தைக் கம்பீரம் என்று நினைத்துக் காசு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

மற்றக் கேள்விகளின் காரணம் இன்லெட் வால்வு மூடும் நேரத்தில் இருக்கிறது. பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டு மேலேறத் தொடங்கிய பிறகும் இன்லெட் சிறிது நேரம் திறந்தே இருக்கும். என்ஜின் வேகமாகச் சுற்றும்போது உள்ளே பாயும் காற்றுக்கு ஒரு வேகம் இருப்பதால், பிஸ்டன் ஏறும்போதும் அது வந்துகொண்டே இருக்கும். அதனால் தாமதமாக மூடும் கேம் அதிக வேகத்தில் லாபம். மெதுவாகச் சுற்றும்போது கதை தலைகீழ்; உள்ளே வந்த கலவை கார்ப்பரேட்டர் பக்கமே திரும்பித் தள்ளப்படும். 90 மி.மீ. ஸ்ட்ரோக்கில், அடிமட்டத்துக்குப் பின் 60 டிகிரியில் வால்வு மூடினால் பிஸ்டன் ஏறக்குறைய 18 மி.மீ. ஏறியிருக்கும். 80 டிகிரியில் மூடினால் ஏறக்குறைய 31 மி.மீ.; ஸ்ட்ரோக்கில் மூன்றில் ஒரு பங்கு வீண். பழைய புல்லட்டின் கம்ப்ரஷன் 6.5 என்று வைத்துக்கொண்டால், அழுத்தத்துக்கு உண்மையில் மிஞ்சுவது முதல் கேமில் 5.4, இரண்டாவதில் 4.6. கம்ப்ரஷனை ஏற்றாமல் பெரிய கேம் போட்ட வண்டி மாசி வீதி நெரிசலில் இரண்டாவது கியரில் திணறுவதற்கு இந்தக் கணக்கே காரணம். வத்தலக்குண்டு தாண்டி மலையேறும்போது நிலைமை இன்னும் மோசம். 2,100 மீட்டர் உயரத்துக் கொடைக்கானலில் காற்றே ஐந்தில் ஒரு பங்கு மெலிந்திருக்கும்.

அடுத்தது எண்களின் குழப்பம். டியூரேஷனை எந்த உயரத்திலிருந்து அளந்தார்கள் என்று தெரியாமல் இரண்டு கேம்களை ஒப்பிட முடியாது. அமெரிக்க வழக்கம் டேப்பெட் 0.050 அங்குலம், அதாவது 1.27 மி.மீ. எழும்பிய இடத்திலிருந்து எண்ணுவது. ஜப்பானியர் பெரும்பாலும் 1 மி.மீ. வைத்துக்கொள்வார்கள். வேறு சிலர் வால்வு அசைந்த கணத்திலிருந்தே எண்ணிவிடுவார்கள். ஒரே கேமை 280 என்றும் எழுதலாம், 230 என்றும் எழுதலாம், இரண்டும் பொய்யில்லை.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் கருவி ஒரு தகரத் தட்டு. வட்டமாக வெட்டிய தகரத்தில் 360 டிகிரி அச்சிட்ட தாளை ஒட்டி, நடுவில் துளை போட்டு, கிராங்க் நுனியில் இறுக்கியிருப்பார்கள். கேஸ் போல்ட் ஒன்றில் கட்டிய கம்பித் துண்டுதான் முள். மசி படிந்து ஓரம் கறுத்த அந்தத் தட்டு கடையில் விற்கும் பளபளப்பான தட்டுக்குச் சற்றும் குறைந்ததல்ல. முதலில் உண்மையான மேல்மட்டத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பிளக் துளையில் ஒரு போல்ட்டைத் திருகி, பிஸ்டன் அதில் மெல்ல முட்டும்வரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுற்றி, இரண்டு எண்களுக்கும் நடுவை மேல்மட்டமாகக் கொள்வார்கள். பிறகு போல்ட்டைக் கழற்றிவிட்டு, டயல் கேஜின் நுனியை டேப்பெட் மேல் வைத்து, என்ஜின் ஓடும் திசையிலேயே சுற்ற வேண்டும். பின்னோக்கிச் சுற்றினால் பல்சக்கர இடைவெளி கணக்கில் ஏறி எண் பொய்க்கும். ஊசி 1.27-ஐத் தொடும்போது ஒரு எண், இறங்கும்போது அதே இடத்தில் இன்னொரு எண். அரை மணி நேரத்தில் கேமின் ஜாதகம் காகிதத்தில் வந்துவிடும். இதே அளவை 2008-க்குப் பின் வந்த ஹைட்ராலிக் டேப்பெட் என்ஜினில் நேரடியாக எடுக்க முடியாது. டேப்பெட் அமுங்கிக்கொடுப்பதால், அளக்கும் நேரத்துக்குக் கெட்டி டேப்பெட் போட வேண்டும்.

அந்த அரை மணி நேரத்துக்குத்தான் யாரும் கூலி தருவதில்லை. உதிரிபாகத்துக்கு ஆயிரக்கணக்கில் எண்ணி வைக்கும் வண்டிக்காரர், அளந்து பார்த்ததற்குக் கூலி கேட்டால் முகம் சுளிப்பார். “கேம் வேண்டாம், பழையதே போதும்” என்று சொல்லும் மெக்கானிக்குக் கையில் ஒன்றும் தேறாது. அளவுத்தாள் இல்லாத ‘ரேஸ் கேம்’ டப்பாவை விற்றுக்கொடுப்பவருக்குக் கமிஷன். ஆலோசனைக்கு விலை இல்லாத இடத்தில் ஆலோசனையின் விலை பொருளின் விலைக்குள் ஒளிந்துகொள்ளும். அங்கே சுருட்டப்படுவது வண்டிக்காரரின் பணம் மட்டுமா? அளக்கத் தெரிந்த கையின் மரியாதையும் சேர்ந்து போகிறது.

தேய்ந்த கேமைச் சாணை பிடித்துத் திரும்பப் போடுவதும் உண்டு. அடி வட்டத்தைக் குறைத்தால் லிஃப்ட் கூடும். புஷ் ராடைச் சரிசெய்து அந்த இடைவெளியை நிரப்பலாம். ஆனால் கேமின் கெட்டித் தோல் மெல்லியது. அது சாணையில் போய்விட்டால் புதிய மேடு சீக்கிரமே மழுங்கும். புதுக் கேமுக்குப் பழைய டேப்பெட்டும் ஆகாது. பழையது தேய்ந்த அச்சில் புதியதும் தேயும்.

இதே பட்டறைகளுக்கு மேலூர், வாடிப்பட்டிப் பக்கமிருந்து வரும் பம்பு செட் டீசல் என்ஜினுக்கு இந்தப் பேச்சே கிடையாது. நாள் முழுக்க நிமிடத்துக்கு 1,500 சுற்று என்று ஒரே வேகத்தில் ஓடும் என்ஜின் அது. கம்பெனி அளவை விட்டு விலகினால் நட்டம்தான். கேமில் மூன்றாவதாக ஒரு மேடு டீசல் பம்பைத் தள்ளும் வகைகளில் தேய்மானம் முதலில் தெரிவது புகையில்.

முடிவு எதுவானாலும் பூட்டிய பின் ஒரு சோதனை பாக்கி. பிஸ்டன் தலையில் பிளாஸ்டிசின் உருண்டையை அப்பி, ஹெட்டைப் பூட்டி, கிராங்கைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றித் திறந்து பார்த்தால் வால்வு பதிந்த பள்ளம் தெரியும். மிஞ்சிய கனம் இன்லெட்டில் 2 மி.மீ., எக்ஸாஸ்டில் 2.5 மி.மீ. இருக்க வேண்டும். லிஃப்ட் கூடிய கேமானால், முழுத் திறப்பில் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டவில்லை என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நகருக்குள் ஓடி, எப்போதாவது மலையேறும் 350 புல்லட்டுக்குக் கம்பெனி அளவுக் கேமும் புது டேப்பெட்டுமே போதும். வேறு கேம்தான் வேண்டும் என்பவர் அளவுத்தாளைக் கேட்டு வாங்கட்டும். அளந்து கொடுத்தவருக்குக் கூலியையும் கொடுக்கட்டும்.