ரொக்கின் வீதியும் மண் காக்கும் திகதிகளும்

நெதர்லாந்தின் தலைநகரான அம்ஸ்ரர்டாமின் நடுவே ரொக்கின் என்றொரு வீதி இருக்கிறது. அம்ஸ்ரல் ஆறு ஓடிய இடம் அது. வீதியின் ஒரு பகுதியில் இன்றும் வாய்க்கால் நீர் உண்டு. நிலக்கீழ் ரயில் பாதை அமைத்தபோது ஆற்றின் பழைய படுக்கையைத் தொல்லியலாளர்கள் தோண்டினார்கள். ஏறத்தாழ 7 இலட்சம் பொருட்கள் கிடைத்தன. 2018 இல் திறக்கப்பட்ட ரொக்கின் ரயில் நிலையத்தில், நகரும் படிக்கட்டுகளுக்கு இடையே அவற்றில் பலவற்றைக் காணலாம். பழைய மட்பாண்ட ஓடுகள், நாணயங்கள், சாவிகளோடு நம் காலத்துக் கைத்தொலைபேசிகளும் அங்கே இருக்கின்றன.

அதே ரொக்கின் வாய்க்காலில் நாமக்கோழி ஒன்றின் கூட்டையும் ஆய்வாளர்கள் படைபடையாகப் பிரித்துப் பார்த்தனர். இலங்கைக் குளங்களிலும் வாழும் பறவைதான் இது. செடிகொடிகளால் கட்டும் கூடு உக்கிப்போவதால், வழமையாக ஆண்டுதோறும் புதிதாகக் கட்டும். நகரத்திலோ பிளாஸ்ரிக்கைப் பொறுக்கிக் கட்டியது. அது உக்கவில்லை. அதனால் பழைய கூட்டின்மேலேயே புதியது ஏறியது. மேற்படையில் கொரோனாக் கால முகக்கவசங்கள். அடியில் 1994 உலகக் கிண்ண உதைபந்தாட்ட விளம்பரம் அச்சிட்ட மார்ஸ் சொக்கலேற் உறை. இடைப்பட்ட ஆண்டுகளைப் பொதிகளின் காலாவதித் திகதிகள் சொல்லின. 2025 இல் இந்த ஆய்வு வெளியானது.

இதற்குள்ள விதி எளியது. ஒரு படையில் கிடைப்பவற்றுள் ஆகப் பிந்திய பொருள் எதுவோ, அது உருவாகுமுன் அந்தப் படை மூடப்பட்டிருக்க முடியாது. முன்பு நாணயம் செய்த வேலையை இன்று பொலித்தீன் உறை செய்கிறது. ஆனால் பழைய உறையும் பிந்திய மண்ணில் விழலாம். ஆகவே ஒன்றை மட்டும் நம்பாமல் பலவற்றை ஒப்பிட வேண்டும்.

சகோதரிகளே, இந்த விதி எமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. 2025 இல் யாழ்ப்பாணம் செம்மணி, சித்துப்பாத்தி மயானத்தில் நீதிமன்றக் கண்காணிப்பில் நடந்த அகழ்வில் எலும்புக்கூடுகளோடு பாடசாலைப் பை, பால்போத்தல், விளையாட்டுப் பொம்மை என்பனவும் வெளிப்பட்டன. ஓகஸ்ட் மாதம் 5ஆம் திகதி, அடையாளம் காண்பதற்காகப் பொருட்கள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. துணி நைந்துபோனாலும் செருப்பும் பொத்தானும் சீப்பும் மண்ணில் நெடுங்காலம் கிடக்கும். அவை எப்போது செய்யப்பட்டவை என்று அறிந்தால், அந்தக் குழி எந்த ஆண்டுக்குப் பிந்தியது என்று சொல்ல முடியும்.

ஆனால் பொருள் யாருடையது என்பதை வீட்டில் இருப்பவர்தான் சொல்ல முடியும். காணாமற்போன உறவு கடைசியாக உடுத்திருந்த உடையின் நிறம், போட்டிருந்த செருப்பு, கையில் கொண்டுபோனவை, அவற்றை எந்த ஆண்டு வாங்கினீர்கள் என்பன நினைவிருந்தால் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எழுத முடியாத அம்மாமாருக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். அந்த உடையோடு எடுத்த படம் இருந்தால் அதையும் கொப்பியோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.